வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் ஒழுங்காக எழுதியது என் பெயரை மட்டும்தான், அதுவும் விசாத் தாள்களில். எங்கே ர வரும், எங்கே ற வரும் என்று இன்னும் தடுமாறுகிறேன். செல்லில் தமிழ் தட்டத் தெரியாததால் மகளின் பழைய பள்ளி நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். படம் பிடித்து அனுப்பிவிடுவேன். கம்பத்தில் இதை அச்சுக்குக் கொடுக்கப்போகும் நண்பர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நேற்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

நான் மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஊரில் பலர் நினைப்பதுபோல் நான் மருந்து மாயம் தெரிந்தவன் இல்லை. நோயாளிகளைச் சக்கரக் கட்டிலில் வைத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன். போன மாதம் கட்டில் தள்ளும்போதே நெஞ்சு கனத்தது. வேலை செய்யும் இடத்தில் காட்ட வெட்கமாக இருந்தது. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதனால் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். நேற்று முடிவு சொல்லும் நாள்.

தலையில் முக்காடிட்ட மலாய்க்கார டாக்டரம்மா. சின்ன வயது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் செல்லை எடுத்துப் பார்த்தார். ரத்தம் கட்டாமல் ஓடுவதற்குத் தினம் ஒரு சின்ன மாத்திரை தருகிறேன் என்றார். எழுதும் முன்னால் செல்லில் விரலை வைத்துக்கொண்டே மலாயில் கேட்டார்: வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ரத்தம் போகிற தொந்தரவு ஏதும் உண்டா?

இல்லை என்றேன்.

அது உண்மை இல்லை. உடம்பில் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு மருந்தும் சாப்பிடுகிறேன். அது என்ன என்பதை இந்தக் குறிப்பு முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை அட்டை மேசைமேல் இருக்கிறது. இன்னும் ஒன்றும் உடைக்கவில்லை. நேற்று இரண்டு முறை கையில் எடுத்தேன், வைத்தேன். இன்று எனக்கு விடுமுறை. வேலை இருந்திருந்தால் நடந்துகொண்டாவது இருந்திருப்பேன்.

2

இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் உணவுக்கடையில் மங்கு கழுவினேன், அதாவது சாப்பிட்ட தட்டுகளை. பிறகு பரிமளாவைக் கட்டிக்கொண்டேன். அவள் இங்கேயே பிறந்தவள். அவள் மூலமாகத்தான் ஆஸ்பத்திரி வேலையும் வந்தது, தங்குவதற்கு அனுமதியும் வந்தது. அந்த அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவளும் கூட வர வேண்டும். அதிகாரி என்னைக் காட்டி அவளிடம் கேட்பார்: இவர் இன்னும் உங்களோடுதான் இருக்கிறாரா? ஒருமுறை அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அதிகாரி சிரித்தார். முத்திரை விழும்வரை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலாய் பேசக் கற்றுக்கொண்டதும் அரைகுறைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனேன். வெளியே அவர் மகள் காத்திருந்தார். படம் எடுத்து முடிந்துவிட்டது என்று சொல்வதற்காக, "சூடா ஹாபிஸ்" என்றேன். முடிந்துவிட்டது என்றுதான் பொருள். என் முகமும் எப்போதும் துக்கமாகவே இருக்கும். அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து கிழவர் தண்ணீர் கேட்ட பிறகுதான் அழுகை நின்றது. அன்றிலிருந்து நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன்.

அப்போது எனக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. டாக்டர்கள் நடக்கும்போதும் லிஃப்டில் நிற்கும்போதும் செல்லைப் பார்த்தார்கள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில்கூடப் பார்த்தார்கள். விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் நான் ஒரு சீனக் கிழவியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அந்தப் பிரிவின் பெரிய டாக்டர் எதிரே வந்து வண்டியை நிறுத்தினார். தலை முழுக்க நரைத்தவர். அவர் வந்தால் மற்ற டாக்டர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் கிழவியிடம், "உன் சிறுநீரகத்துக்கு இந்த மருந்து எவ்வளவு தாங்கும் என்று சரியாக ஞாபகமில்லை. பொறு, பார்த்துச் சொல்கிறேன்" என்று செல்லை எடுத்தார். பார்த்தார். பிறகு செல்லைக் கிழவியின் பக்கம் திருப்பி, இந்தக் கட்டத்தில் நீ இருக்கிறாய், அதனால் பாதிதான் தருவேன் என்று விரல் வைத்துக் காட்டினார். கிழவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, தலையாட்டினாள்.

ஞாபகமில்லை என்று அவ்வளவு பெரிய டாக்டர் சொல்கிறார், கேட்டவள் கோபப்படவில்லை. நம் ஊராக இருந்தால் கிழவியின் மகன் சும்மா விட்டிருப்பானா என்று நினைத்துக்கொண்டே வண்டியைத் தள்ளினேன்.

என் மகள் தர்சினிக்குப் பதினேழு வயது. அவளும் செல்லும் ஒன்று. சோற்றுத் தட்டுக்கு முன்னால் "கீழ வைம்மா" என்றால், "கெஜாப், அப்பா" என்பாள். ஒரு நிமிஷம் என்று பொருள். அந்த நிமிஷம் முடிந்து நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் தமிழில் சண்டை போடுவாள். என்னிடம் சண்டையும் இல்லை, பேச்சும் குறைவு. என் தமிழ் அவளுக்கு வேகமாக இருக்கிறதாம். என் ஊரான ஓடைப்பட்டிக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறாள். அங்கே திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்து, பெரியப்பா பறித்துக் கொடுத்த குலையைக் கழுவாமல் தின்ன மாட்டேன் என்று நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

3

அந்தப் பெரியப்பாதான் என் அண்ணன் ராசாங்கம். எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சில வருடங்களுக்கு முன்னால் அவருக்கு மதுரையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். அந்த வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். அதை அவர் தவறவிட்டதே இல்லை. காலையில் பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டும் முன்னால் அதைப் போட்டுக்கொண்டுதான் பந்தலுக்குள் இறங்குவார்.

போன ஐப்பசியில் விடாத மழை. ஈரத்துணியோடு பந்தலுக்கடியிலேயே கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். பூச்சி, சாம்பல் நோய், விலை எல்லாம் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏலே, உனக்கு அங்கன படை வந்திருக்கா?"

"எங்கனண்ணே?"

"அங்கனதான்லே. தொடையிடுக்குல."

எனக்கும் வேலை உடுப்பு வேர்வையில் நனைந்து வருவதுண்டு என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. தனக்கு இடுப்புவரை ஏறிவிட்டதாகவும், மெடிக்கலில் கூச்சத்தோடு கேட்டு மாத்திரை வாங்கியதாகவும் சொன்னார்.

"வாரத்துக்கு ஒண்ணு போடச் சொன்னாக. கொடி வெட்டுற கவாத்து தொடங்குறதுக்குள்ள போகட்டும்னு நான் தெனம் ஒண்ணு போடுறேன்."

"நெஞ்சு டாக்டர்கிட்டக் கேட்டீகளாண்ணே?"

"அட போலே. நெஞ்சு மாத்திர நெஞ்சுக்கு. இது அடியில. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பெரிய டாக்டர்கிட்டப் போயி வேட்டியத் தூக்கிக் காட்டச் சொல்றியா?"

எனக்கும் சம்பந்தம் தெரியவில்லை. வைக்கும் முன்னால், "மதினிகிட்ட மூச்சு விட்றாத. அவளுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி" என்றார்.

சரி என்றேன். எங்கள் வீட்டில் ஆண்கள் இப்படித்தான். அப்பாவுக்குக் குடலிறக்கம் இருந்தது அவரைக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

4

வந்துவிட்டேன். மாத்திரை அட்டையை அலமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். கண்ணில் படாமல் இருந்தால் இன்னும் தொந்தரவாக இருக்கிறது. திரும்ப எடுத்து மேசையிலேயே வைத்துவிட்டேன்.

அண்ணன் அப்படிப் பேசி ஒரு வாரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. எனக்கு வேலை நேரம். காலி வண்டியோடு லிஃப்டுக்குக் காத்திருந்தேன். இங்கே சாயங்காலம், ஊரில் மதியம். அண்ணன் நம்பரிலிருந்து அழைப்பு. பேசியது அவர் மகன் பாண்டி. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன். எதற்கும் பதறாதவன்.

"சித்தப்பா, அப்பாவத் தேனியில சேத்திருக்கோம். மூக்குல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. முதுகுல டேங்க் வார் பட்ட எடமெல்லாம் கருப்பா இருக்கு."

அண்ணன் வெற்றிலை போடுகிறவர். ஈறில் ரத்தம் வந்ததை வெற்றிலைச் சிவப்பு என்று நினைத்துச் சில நாள் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று காலை தலையணையைப் பார்த்து மதினி அலறியிருக்கிறார்.

அண்ணனின் செல்லில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டுப்போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதனால் அந்த வார்டே எனக்குக் கேட்டது. நான் பேசுவதும் அந்த வார்டுக்கே கேட்டது.

மதினியின் தம்பி வீரணன் உள்ளே புகுந்தார்.

"மாப்ள, நீ ஆசுபத்திரியில வேல பாக்குற ஆளு. நீயே கேளு இந்த அநியாயத்த. டாக்டருன்னு ஒரு பொட்டப்புள்ள வந்திருக்கு. மாமா மூக்கப் பாக்குது, உடனே செல்லப் பாக்குது. முதுகப் பாக்குது, உடனே செல்லப் பாக்குது. பரிச்சையில பிட்டு அடிக்கிற மாதிரி இருக்கு."

மதினியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "ஆமா தம்பி. எங்க மூஞ்சியக்கூடப் பாக்கல."

"கம்பத்துல நம்ம டாக்டர்கிட்டக் கொண்டு போயிருவோம்க்கா" என்றார் வீரணன். "அவுக கையப் புடிச்ச ஒடனே சொல்லிப்புடுவாக. இடுப்புல ஒரு ஊசி. அம்புட்டுத்தான். பாண்டி, ஜீப்ப எடுடா."

எனக்கு அந்த நரைத்த டாக்டர் நினைவுக்கு வந்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன். "மச்சான், இங்கன பெரிய பெரிய டாக்டர்களும் செல்லப் பாத்துத்தான் மருந்து எழுதுறாக."

"அப்பிடியா? செல்லுதான் வைத்தியம் பாக்குதுன்னா எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு மாப்ள. நானே வைத்தியம் பாத்துக்குறேன்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அப்போது அந்த டாக்டரம்மா வந்துவிட்டார் போலிருக்கிறது. மதுரைப் பக்கத்துப் படித்த பேச்சு. களைப்பான குரல்.

"எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க. ரத்தம் உறையிற சக்தி ரொம்பக் குறைஞ்சிருக்கு. இப்ப இடுப்புல ஊசி போட்டா உள்ளுக்குள்ளயே ரத்தம் கட்டிரும்."

"பாத்தீகளா?" என்றார் வீரணன். "ஊசி போடத் தெரியலங்கிறத எம்புட்டு நாசூக்காச் சொல்லுது."

டாக்டரம்மா அண்ணனிடம் கேட்டார். "ஐயா, நெஞ்சு மாத்திரை அளவு மாத்தினீங்களா?"

"இல்லம்மா."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. செல்லைப் பாத்து ஒவ்வொண்ணா வாசிக்கிறேன். மூட்டு வலிக்கு?"

"இல்ல."

"காய்ச்சலுக்கு? வயித்துப்போக்குக்கு?"

"இல்ல."

"தோலுக்கு? படை, அரிப்பு, அந்த மாதிரி?"

கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு அண்ணன் குரல். "இல்ல."

எனக்கு முன்னால் லிஃப்ட் திறந்தது. யாரும் இறங்கவில்லை. திரும்ப மூடிக்கொண்டது.

நான் என்ன நினைத்தேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டிலைச் சுற்றி மதினி நிற்கிறார், மகன் நிற்கிறான், மச்சினன் நிற்கிறார், அடுத்த கட்டில்காரர்களும் கேட்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அண்ணன் முகத்தில் இனி விழிக்க முடியாது. திறக்காவிட்டால் பாண்டி ஜீப்பை எடுத்துவிடுவான். கம்பம் போய்ச் சேர்ந்ததும் ஊசி. அந்தக் கேள்வியை டாக்டரம்மா செல்லைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனாலும் என் தலைக்குள் இருந்த ஒரு விஷயத்தைச் சரியாகத் தொட்டுவிட்டார். அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"பாண்டி, செல்ல டாக்டரம்மா பக்கத்துல கொண்டு போ."

"எதுக்கு சித்தப்பா?"

"கொண்டு போலே!"

நான் அவனிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அவன் கொண்டு போனான்.

"அம்மா, நான் அவரு தம்பி பேசுறேன், மலேசியாவுல இருந்து. அண்ணனுக்குத் தொடையிடுக்குல படை இருக்கு. மெடிக்கல்ல மாத்திர வாங்கிச் சாப்புடுறாரு. வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியதத் தெனம் ஒண்ணு போடுறாரு."

"ஏலே!" என்று அண்ணன் கத்தினார். மூக்கில் பஞ்சு வைத்திருந்ததால் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா கேட்டார். "மாத்திரை கையில இருக்கா ஐயா?"

மதினிதான் அண்ணனின் சட்டையைத் துழாவியிருக்கிறார். உள்பையில் அட்டை இருந்திருக்கிறது. அடுத்து நடந்ததைப் பாண்டி பிறகு சொன்னான். டாக்டரம்மா செல்லில் நெஞ்சு மாத்திரையின் பெயரையும் இந்த மாத்திரையின் பெயரையும் போட்டாராம். சிவப்புக் கட்டத்தில் எழுத்து வந்ததாம். அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் மதினியின் பக்கம் திருப்பிக் காட்டினாராம்.

"பாருங்கம்மா. இது அவரோட நெஞ்சு மாத்திரை. இது படை மாத்திரை. ரெண்டும் ஒண்ணாச் சேந்தா நெஞ்சு மாத்திரை ஒடம்பவிட்டுப் போகாமத் தேங்கிக்கிட்டே இருக்கும். தினம் ஒண்ணு போட்டாலும் நாலு போட்ட மாதிரி. அதான் ரத்தம் நிக்கல."

மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிவப்பு தெரியும். பாண்டியை வாசிக்கச் சொன்னார். அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "ஆமாம்மா, ரத்தம்னுதான் போட்டிருக்கு" என்றான்.

மதினி வீரணனிடம் சொன்னது எனக்கு நேராகவே கேட்டது. "நீ ஜீப்புல ஏறிக் கம்பத்துக்குப் போ. ஊசி வேணும்னா நீ போட்டுக்க. எம்புருசன் இங்கனதான் இருப்பாரு."

டாக்டரம்மா மறுபடி செல்லைப் பார்த்தார். ரத்தத்தை நிறுத்தும் மருந்து கூடிப்போனால் வால்வு அடைத்துக்கொள்ளும், குறைந்தால் ரத்தம் நிற்காது, அதனால் அளவைப் பார்க்கிறேன் என்று இந்தத் தடவை எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பார்த்தார். மதுரையில் வால்வு வைத்த டாக்டரிடமும் அதே செல்லில் பேசினார்.

எனக்கு மேற்பார்வையாளர் வந்து திட்டினார். காலி வண்டியோடு லிஃப்டை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

5

அண்ணன் பிழைத்தார். மறுநாளே மூக்கில் ரத்தம் நின்றது. சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். படைக்குக் களிம்பு மட்டும் கொடுத்தார்கள். அதை அந்த டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டால் மதினி எடுப்பார். "தோட்டத்துல இருக்காக தம்பி" என்பார். பின்னால் அண்ணன் இருமுவது கேட்கும். தீபாவளி போனது, பொங்கல் போனது. உயிரைக் காப்பாற்றினாய் என்று அவர் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணி மடிப்பேன், மடித்ததைப் பிரிப்பேன். பரிமளா, "ஊருக்குப் போய்ட்டு வாங்களேன்" என்பாள். அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தில் இருந்தது.

ஊரில் விஷயம் பரவிவிட்டதாகப் பாண்டி சொன்னான். வீரணன்தான் பரப்பியிருக்கிறார். டீக்கடையில் அண்ணனைப் பார்த்ததும், "என்ன மாமா, நல்லாக் காத்தோட்டமா இருக்கீகளா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாராம்: "இருக்கேன்டா. நீ இழுத்துட்டுப் போயிருந்தா இந்நேரம் குழிக்குள்ள காத்தோட்டம் இல்லாமக் கெடந்திருப்பேன்."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனே கூப்பிட்டார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏலே, உன் படை எப்பிடி இருக்கு?" என்றார். பக்கத்தில் ஆள் பேசும் சத்தமெல்லாம் கேட்டது. நான்தான் இங்கே குரலைத் தாழ்த்தினேன்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். தேனிக்குச் சோதனைக்குப் போகும்போதெல்லாம் எல்லா மருந்தையும், மதினி தடவும் தைலம் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேசையில் கொட்டுகிறாராம். "பாத்துச் சொல்லுங்க தாயி. செல்ல எடுத்து நல்லாப் பாருங்க, அவசரமில்ல" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்கிறாராம்.

இதையெல்லாம் கேட்டு நான் சிரித்தேன். அப்படிச் சிரித்த நான்தான் நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து இல்லை என்று சொன்னேன்.

6

இன்று வீரபாண்டித் திருவிழா தொடங்கும் செவ்வாய். அண்ணன் பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக மதினி கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். கூட்டத்தில் படம் நின்று நின்று வந்தது. மஞ்சள் சேலையும் புகையும் தெரிந்தன, மதினியின் முகம் பாதிதான் தெரிந்தது. பிறகு அண்ணனின் முகம், மிகப் பக்கத்தில்.

"ஏலே! நேத்து டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேண்ணே."

"பொம்பளையா, ஆம்பளையா?"

"பொம்பள."

"செல்லப் பாத்தாகளா?"

"பாத்தாக."

"அப்ப நல்ல டாக்டர்தான். எல்லாத்தையும் ஒளிக்காமச் சொன்னியா?"

கொட்டுச் சத்தம் கேட்டது. நான் பதில் சொல்லும் முன்னால் படம் நின்றுபோனது. அவர் வாய் திறந்தபடி அப்படியே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு தானாகவே துண்டித்துக்கொண்டது.

சரி, எழுதிவிடுகிறேன். எனக்கு மூலம் இருக்கிறது. சில வருடங்களாக இருக்கிறது. அவ்வப்போது ரத்தம் போகிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஒரு பொடியை மோரில் கலந்து குடிக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பரிமளாவுக்கு இது தெரியாது. என் துணிகளை நானே துவைத்துக்கொள்கிறேன். அதைப் பெரிய நல்ல பழக்கம் என்று அவள் தன் தங்கைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தமிழில் எழுதிவிட்டேன். நாளைக் காலை கிளினிக்கில் இதை மலாயில் சொல்ல வேண்டும். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். பரிமளாவிடம் கேட்கலாம், அவள் கடைக்குப் போயிருக்கிறாள், வரும்வரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

தர்சினி கூடத்தில் படுத்தபடி செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். மூலத்துக்கு மலாயில் என்ன என்று கேட்டேன். அவளுக்கு மூலம் என்றால் தெரியவில்லை. விளக்கினேன். எப்படி விளக்கினேன் என்பதை எழுதப்போவதில்லை. அவள் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

"கெஜாப், அப்பா" என்றாள்.

விரல்கள் ஓடின. "பூவாசீர்" என்றாள். என்னைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தாங்க?" என்று கேட்டாள். அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். பெயரைப் பார்த்துத் தட்டினாள். வாசித்தாள். முகம் மாறியது. நான் தட்டுக்கு முன்னால் எத்தனையோ முறை கீழே வைக்கச் சொன்ன அந்தச் செல்லை என் பக்கம் திருப்பினாள். எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. ரத்தம் என்பதற்கான மலாய்ச் சொல்லை மட்டும் அடையாளம் கண்டுகொண்டேன். ஆஸ்பத்திரிப் பைகளில் தினமும் பார்க்கும் சொல்.

"இப்ப சாப்பிட வேணாம் அப்பா. இதுலயே முடிவும் பண்ண வேணாம். டாக்டர்கிட்டச் சொல்லிக் கேக்கணும்" என்றாள். என் தமிழ் வேகம் என்பவள், இதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அந்தப் பொடியும் எடுத்துக்கோங்க. நாளைக்கு ஸ்கூல் மத்தியானம்தான். நானும் வர்றேன்."

"வா" என்றேன். "ஆனா உள்ள வராத. வெளியே உக்காந்திரு."

"நீங்க சொல்லாம வந்துட்டா?"

பொடி டப்பாவை எடுத்து வந்து வைத்தேன்.

"சரி, உள்ளேயே வா" என்றேன்.

மாத்திரை அட்டையையும் பொடி டப்பாவையும் ஒரு பையில் போட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டு வந்து, மீதியை எழுதி முடித்தேன்.

ஈப்போ,
சித்திரை 24, செவ்வாய்க்கிழமை,
7.5.2024.